அத்தான் திருத்திய எண்

1

முதலில் ஒரு கேவலத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அகப்பட்ட இடம், ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் மருந்து ஏற்றும் அறை. என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். புறங்கையில் ஊசி. தலைக்கு மேலே தொங்கிய பையில், பார்த்தால் வெறும் தண்ணீர் போலிருந்த மருந்து. அக்கா அவருடைய பாதங்களைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இதைக் கதையாக எழுதினால் முதல் வரி என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தோன்றிய முதல் வரி:

[அவருடைய கல்லீரலுக்குள் ஒரு போர் மூண்டிருந்தது.]

சீ. அடித்துவிட்டேன். அடுத்தது:

[சொட்டுச் சொட்டாக மருந்து விழும் ஓசை மட்டுமே அந்த அறையில்]

இது பொய். எந்த ஓசையும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர் செல்போனில் யாரையோ ஏக வசனத்தில் திட்டிக்கொண்டிருந்தார். அதுதான் கேட்டது. வாக்கியத்தைப் பாதியில் விட்டேன், அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவதாக வந்தது:

[என் அத்தானுக்குக் கல்லீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது, அவர் ஒரு நாளும் குடித்ததில்லை.]

இதை வைத்துக்கொள்கிறேன். கடைசித் துண்டு ஏன் என்றால், விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அடுத்த மூச்சில் "குடிப்பாரோ?" என்றுதான் கேட்டார்கள். அக்கா பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். சின்ன வயதிலேயே தொற்றிய மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று, ரத்தத்தில் நாற்பது வருடம் சத்தம் போடாமல் குடியிருந்து செய்த வேலை இது. போதுமா? இனி யாரும் கேட்காதீர்கள்.

2

கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். இதில் எனக்கு ஒரு சங்கடம். இந்தக் கதாபாத்திரம்தான் இந்தக் கதைக்குப் ப்ரூஃப் பார்க்கிறது.

அத்தானுக்குத் தொழிலே அதுதான். ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறார். என் புத்தகங்கள் ஏழுக்கும் அவர்தான் பார்த்தார். என்னுடைய முதல் கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு, "என்ன இது, கமாவை அள்ளித் தெளிச்சிருக்க? மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் 'கமா' என்றே பெயர். அக்காவின் பிள்ளைகளுக்கு நான் கமா சித்தி.

அவருடைய மேசையில் இரண்டே ஆயுதங்கள். ஒரு சிவப்புப் பேனா, ஒரு பென்சில். தனக்கு நிச்சயமாகத் தெரிந்த பிழையைச் சிவப்பு மையில் திருத்துவார். அதில் எழுத்தாளருக்குப் பேச்சே கிடையாது. சந்தேகம், யோசனை, 'இப்படி இருந்தால் நன்றாக இருக்குமோ' போன்றவை எல்லாம் பென்சிலில். "சிவப்பு என் பொறுப்பு, பென்சில் உன் பொறுப்பு" என்பார். பென்சில் கேள்விக்கு எழுத்தாளர் பதில் எழுதும் வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு விட மாட்டார். படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே வலது மூலையில் ஒரு டிக். டிக் இல்லாத பக்கம் அவர் பார்க்காத பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்பான தகவல் ஒன்று அச்சில் போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை என் கதையில் ஒரு ஆள் மாலை ஆறு மணி ரயிலைப் பிடித்தான். அத்தான் ரயில் நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டு, 'ஐந்து நாற்பது' என்று சிவப்பில் திருத்தினார். "கதைதானே அத்தான்" என்றேன். "கதைதான். ரயில் நிஜம்தானே?" என்றார்.

நான் இவரை வைத்துக் கதை எழுதப்போவதைக் கேட்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எழுது. ஆனா நான் பார்க்காம ஒரு வரி வெளிய போகக்கூடாது."

3

இங்கே கொஞ்சம் மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கே அரைகுறையாகத்தான் புரிந்திருக்கிறது. தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த டாக்டரின் அறையில் நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

கட்டி, கல்லீரலுக்குள் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்துவிட்டதால் அறுவை சிகிச்சை இல்லை என்று ஆகிவிட்டது. உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் மிச்சம். டாக்டர் பெண், என்னைவிடச் சின்னவள், பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது.

"பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா என்கிட்ட ஒரே ஒரு மாத்திரைதான் இருந்திருக்கும். அதைக் கொடுத்து, பார்ப்போம்னு அனுப்பியிருப்பேன். இப்ப ரெண்டு மூணு வழி இருக்கு."

"ஒரே வழி இருந்தப்ப குழப்பம் இருந்திருக்காதே" என்றார் அத்தான்.

"குழப்பம் இருந்திருக்காது. நாளும் அதிகம் இருந்திருக்காது" என்றாள் டாக்டர்.

ஒரு வழியில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும் ஊசியோடு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் ஊசியும் சேர்ந்து வரும். ஆனால் அத்தானுக்கு உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் வீங்கியிருந்தன. அந்த ஊசி போட்டால் அவை கசியலாம். ஆகவே இன்னொரு வழி. எதிர்ப்புச் சக்தியை எழுப்பும் மருந்துகளே இரண்டு. ஒன்று ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை. மற்றது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை.*

(* மருந்துப் பெயர்களை நான் எழுதவில்லை. எழுதினால் நீங்களும் தடுக்கி விழுவீர்கள். மாத்திரைகள் எல்லாம் 'நிப்' என்று முடிகின்றன, ஊசிகள் எல்லாம் 'மாப்' என்று முடிகின்றன. இதைக் கண்டுபிடித்தது அத்தான்தான். "பரவாயில்லையே, விகுதி ஒழுங்கா வச்சிருக்காங்க" என்று டாக்டரையே பாராட்டினார்.)

"இது நல்லா வேலை செய்யுமா?" என்று அக்கா கேட்டாள்.

"நூறு பேருக்குக் கொடுத்தா ஒரு இருபது பேருக்குக் கட்டி நல்லா சுருங்குது. இன்னும் கொஞ்சம் பேருக்கு வளராம நிக்குது. சில பேரு வருஷக்கணக்கா நல்லா இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்ல எங்ககிட்ட வழி இல்லம்மா."

"அப்ப நாங்க என்னன்னு நினைச்சுக்கிறது?"

டாக்டர் பேச்சைப் பக்கவிளைவுக்குத் திருப்பினாள். கெட்டிக்காரி.

பக்கவிளைவைப் பற்றி அவள் சொன்னதை நான் அன்றே குறித்துவைத்தேன். "வீட்டு நாயை அவுத்துவிடற மாதிரி இது. திருடனைக் கடிக்கத்தான் விடறோம். சில சமயம் வீட்டு ஆளையே கடிச்சிடும். குடலைக் கடிச்சா வயித்துப்போக்கு வரும். வழக்கத்தைவிட நாலு தடவை கூடப் போனாலே போன் பண்ணுங்க. ஏழு தாண்டினா அன்னைக்கே வரணும். மறைச்சு வச்சா குடல்ல ஓட்டை விழலாம். அது உயிருக்கே ஆபத்து."

"வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அத்தான் கேட்டார்.

"இந்த மருந்தை நிறுத்திட்டு வேற மருந்து கொடுப்போம்."

அதற்குப் பிறகும் அவள் நிறையச் சொன்னாள். அத்தான் காதில் 'நிறுத்திட்டு' என்ற ஒரே சொல்தான் விழுந்திருக்கிறது. எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

நர்ஸ் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தாள். அதில் ஒரு போன் எண். அதோடு ஒரு நோட்டு: தினமும் காய்ச்சல், சொறி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் என்று கட்டம் போட்டது. அக்கா தினமும் காலையில் கேட்பாள், அத்தான் சொல்வார், அவள் எழுதுவாள்.

4

நான்கு தடவை மருந்து ஏறியது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. ரத்தத்தில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்த, புற்றுநோயைக் காட்டும் எண் ஒன்று, முன்னூறுக்குக் கீழே வந்திருந்தது. அக்கா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லிஃப்டில் அத்தான் என்னிடம், "அந்த இருபது பேர்ல நானும் ஒண்ணு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அப்படிப் பெருமையடித்து நான் பார்த்ததே இல்லை.

[அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.] இந்த வரி சப்பென்று இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே சிரித்தோம். அதற்கு என்ன செய்ய?

அந்த வாரம் கதையின் முதல் நான்கு பக்கத்தை எழுதினேன். கதை சும்மா சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாகப் போகிற கதையை யார் படிப்பார்கள்? கொஞ்சம் கலவரம் வேண்டும் என்று நானாக ஒரு வரியைச் சேர்த்தேன்:

[அவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரு நாளைக்கு நான்கு முறை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.]

சத்தியமாகச் சொல்கிறேன், கற்பனை. எனக்கு எதுவும் தெரியாது. டாக்டர் சொன்ன 'நான்கு' ஞாபகத்தில் நின்றிருக்க வேண்டும்.

பக்கங்களைக் கொடுக்கப் பதிப்பகத்துக்குப் போனேன். வாரம் மூன்று நாள் அவர் இன்னும் வேலைக்குப் போகிறார். அவருடைய மேசை ஜன்னலோரத்தில் இல்லை. நடைவழியின் கோடியில், கழிவறைக் கதவுக்கு இந்தப் பக்கமாக நகர்ந்திருந்தது.

"என்ன அத்தான், வெளிச்சத்தை விட்டுட்டு இங்க?"

"ஜன்னல்கிட்ட ஏசி மண்டையில அடிக்குது."

நான் நம்பினேன். எழுத்தாளராம். கண்ணில் படுவதையெல்லாம் கவனிப்பவளாம். அடப் போ.

5

செவ்வாய்க்கிழமை பக்கங்கள் திரும்பி வந்தன. நான்கு பக்கத்திலும் வலது மூலையில் டிக். ஆறு இடத்தில் கமா போயிருந்தது. மூன்றாம் பக்கத்தில், நடுவில், 'நான்கு' அடிக்கப்பட்டு ஓரத்தில் 'ஒன்பது' என்று எழுதியிருந்தது.

அவ்வளவுதான். வேறு குறிப்பு இல்லை. 'அவர் யாரிடமும் சொல்லவில்லை' என்ற வரியை அவர் தொடவே இல்லை.

உடனே போன் செய்தேன்.

"அத்தான், மூணாம் பக்கத்துல ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஏன்?"

"நாலுன்னா எவன் பயப்படுவான்? கதையில வர்றவருக்கு ஒன்பதுதான் சரி."

"கதையில வர்றவருக்கா? உங்களுக்கா?"

"கமா, திங்கட்கிழமை அஞ்சாவது ஊசி. அதுக்குள்ள கதையை முடிச்சுடு. அங்க உக்கார்ந்து படிக்கிறேன்" என்றார். வைத்துவிட்டார்.

6

இனி வருவது முழுக்கக் குழப்பம். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது தாண்டிப் போங்கள்.

அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. ப்ரூஃப் பார்க்கிறவர் கதைக்காக ஒரு எண்ணைக் கூட்டலாம். ஆனால் மேசை ஏன் நகர்ந்தது? ஏசி அடித்திருக்கலாம். ஆனால் போன வாரம் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு தடவை எழுந்து போனாரே? வயதானவர்கள் போவார்கள். ஆனால் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தாரே?

அக்காவிடம் கேட்டேன். நேரடியாகக் கேட்கத் தைரியமில்லை, சுற்றி வளைத்துக் கேட்டேன். "நோட்டு எல்லாம் ஒழுங்கா எழுதறியாக்கா?"

"ஒரு நாள் விடாம எழுதறேன்டீ. எல்லாக் கட்டத்துலயும் 'இல்லை'தான். டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. இந்த மருந்து இவருக்குன்னே செஞ்சது போல." அவள் குரலில் அத்தனை சந்தோஷம். அதன் மேல் 'ஒன்பது' என்ற சொல்லை வைக்க எனக்கு வாய் வரவில்லை. மென்று விழுங்கினேன்.

லாரி டிரைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது ஊசியின்போது அவர் நர்ஸிடம், "வயிறு சரியில்ல, நாலஞ்சு தடவை போகுது" என்று உரக்கச் சொன்னார். டாக்டர் வந்தாள். அவருக்கு அன்று மருந்து ஏற்றவில்லை. மூன்றாவது ஊசிக்கு நாங்கள் போனபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. அத்தான் மருந்து முடியும் வரை அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது உள்ளே வைத்துக்கொண்டது: 'காலி நாற்காலி, நல்ல படிமம்.' அவர் அப்போது உள்ளே வைத்துக்கொண்டது என்ன என்று இப்போது யூகிக்கிறேன்.

சரி, அவரே முடிவு செய்துவிட்டார் என்றால் நான் யார் நடுவில்? அவருடைய உடம்பு, அவருடைய கணக்கு. சுருங்கிக்கொண்டிருக்கிற கட்டியை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பது பைத்தியக்காரத்தனமா? என்னை நம்பித்தானே ஒரு எண்ணை ஓரத்தில் எழுதினார்? நம்பி எழுதினாரா, அல்லது நான் எப்படியும் சொல்லிவிடுவேன் என்று தெரிந்து எழுதினாரா? இல்லை, உண்மையிலேயே கதைக்காகவா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கை ஓடாதபோது என்னைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? எழுதுவார்கள். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: [அவர் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஐந்தாவது ஊசியும் ஏறியது. வியாழக்கிழமை குடலில் ஓட்டை விழுந்தது. புன்னகையுடன் அவர் கண்களை மூடினார்.]

முடிவு இரண்டு: [மைத்துனி காட்டிக்கொடுத்தாள். மருந்து நின்றது. கட்டி மறுபடி வளர்ந்தது. அக்கா அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.]

முடிவு மூன்று: [மைத்துனி போன் செய்தாள். மருந்தைத் தள்ளிவைத்தார்கள். குடலின் எரிச்சலை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில வாரங்களில் வயிறு சரியானது. கட்டி வளராமல் அப்படியே நின்றது. டாக்டர் யோசித்து, மருந்தை மறுபடி தொடங்கினாள்.]

மூன்றையும் தனித்தனித் தாளில் அச்செடுத்து, வியாழக்கிழமை காலை அவருடைய மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் மேசையில் இல்லை. கழிவறைக் கதவு மூடியிருந்தது.

7

இன்று வெள்ளிக்கிழமை. பதிப்பகத்தின் உறையில் தாள்கள் வந்துவிட்டன. இந்த வரியை எழுதும்போது மணி காலை பத்தரை.

முடிவு ஒன்றில் 'புன்னகையுடன்' அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் சிவப்பில்: 'இந்த வயிற்று வலியோடு யாரும் புன்னகைக்க முடியாது.' கீழே டிக்.

முடிவு இரண்டில், கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில், அதுவும் சிவப்பில்: 'தகவல் பிழை. உன் அக்காவால் அரை மணி நேரம்கூடப் பேசாமல் இருக்க முடியாது.' கீழே டிக். இதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அழுகையும் வந்துவிட்டது.

முடிவு மூன்றில் ஒரு திருத்தமும் இல்லை. டிக்கும் இல்லை. நடுவில் ஓரமாக, மெல்லிய பென்சிலில், இரண்டே சொற்கள்:

'இப்படி நடக்குமா?'

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பகுதியில் உங்களை ஏமாற்றினேன். அடிக்கப்பட்டது, எழுதியிருந்தது என்றெல்லாம் சொன்னேன். எந்த நிறத்தில் என்று சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நான்தான் சாமர்த்தியமாகத் தாண்டிப் போனேன்.

அந்த 'ஒன்பது' சிவப்பில் இருந்தது.

செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். பார்த்த நொடியிலேயே தெரிந்தது. கதைக்காக ஒரு எண்ணைக் கூட்ட நினைத்திருந்தால் அவர் பென்சிலை எடுத்திருப்பார். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட இதை மாற்றிச் செய்ததில்லை. மனைவியிடம் சொல்ல முடிந்தது, நோட்டில் சொல்ல முடிந்தது, நர்ஸிடம் சொல்ல முடிந்தது, எல்லா இடத்திலும் 'இல்லை' என்று சொல்ல முடிந்தது அந்த மனிதரால். ப்ரூஃப் தாளில் மட்டும் முடியவில்லை. தப்பான எண் ஒன்று அச்சுக்குப் போகிறதே என்று கை தன்னால் பேனாவை எடுத்திருக்கிறது.

இது தெரிந்தும் நான் ஏன் ஆறாம் பகுதி முழுக்கக் குழம்பினேன்? குழம்பவில்லை. குழப்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'சிவப்பு' என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுந்து போன் செய்ய வேண்டியிருக்கும். அக்காவின் சந்தோஷத்தை என் வாயால் கெடுக்க வேண்டியிருக்கும். பயந்தாங்கொள்ளி நான். அதற்கு மூன்று முடிவு என்று இலக்கியச் சப்பைக்கட்டு வேறு. செவ்வாய், புதன், வியாழன். ஒரு நாளைக்கு ஒன்பது என்றால் மூன்று நாளைக்கு எத்தனை தடவை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துவிட்டேன்.

மணி பத்து நாற்பத்தைந்து. பென்சில் என் பொறுப்பு. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. தெரிந்த இடத்தில் கேட்க

8

மேலே பாதியில் நின்ற வாக்கியம் அப்படியே இருக்கட்டும். அந்த இடத்தில் எழுந்துபோய் மஞ்சள் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நர்ஸ்தான் எடுத்தாள். அத்தானின் கோப்பு எண்ணைச் சொன்னேன்.

"சொல்லுங்கம்மா, நல்லா இருக்காரா?"

"வயித்துப்போக்கு இருக்கு."

அவள் குரல் உடனே மாறியது. "எத்தனை தடவை?"

"ஒன்பது. ஒரு நாளைக்கு. வயித்து வலியும் இருக்கு."

"எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமையில இருந்து எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி எத்தனை நாள்னு தெரியாது."

"போன தடவை பார்த்த நோட்டுல எல்லாம் இல்லைன்னு இருந்துச்சே. ஒன்பதுன்னு யாரும்மா சொன்னது?"

"அவரேதான்" என்றேன். "சிவப்பு மையில எழுதிக் கொடுத்திருக்கார்."

அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனால் விளக்கம் கேட்கவில்லை, நல்லவள். "இப்பவே கூட்டிட்டு வாங்க. திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்காதீங்க. பேதியை நிறுத்தற மாத்திரை எதுவும் கடையில வாங்கி நீங்களா கொடுக்காதீங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். முடிவு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தேன். தள்ளிவைப்பது, ஸ்டீராய்டு, வயிறு சரியாவது, கட்டி நிற்பது, மறுபடி தொடங்குவது. "இப்படி நடக்குமா?"

"நடந்திருக்கு. சில பேருக்கு. மருந்தை நிறுத்தின பிறகும் கட்டி வளராம இருந்தவங்களும் இருக்காங்க. இவருக்கு எப்படின்னு இப்ப சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வந்தா எங்க கையில கொஞ்சமாவது இருக்கும்."

"அந்த லாரி டிரைவர், பக்கத்து நாற்காலியில இருந்தாரே, அவருக்கு…"

"மத்தவங்களைப் பத்திச் சொல்லக்கூடாதும்மா. நீங்க கிளம்புங்க."

அடுத்து அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியும்டீ" என்றாள். "பாத்ரூம் ஃபேன் நிக்கவே இல்ல. கேட்டா இல்லன்னார். நானும் இல்லைன்னே எழுதிட்டேன்." பிறகு பேசத் தொடங்கினாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை நிறுத்தவில்லை. அவருடைய திருத்தம் சரிதான், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதை அவர்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்ஸி வந்து நிற்கிறது. மேலே அக்கா அவருடைய செருப்பைத் தேடுகிறாள். அத்தான் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைத் திறந்தபோது என் கையில் இருந்த தாளை மட்டும் பார்த்தார். அவருடைய கேள்விக்குக் கீழே, அவர் எழுதுகிற அளவிலேயே, நான் பென்சிலில் எழுதியிருந்தேன்: 'நடக்கலாம். நடக்காமலும் போகலாம். கேட்டுவிட்டேன்.' தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடி கழிவறைக்குள் போய்விட்டார். பேனாவையும் எடுத்துக்கொண்டாரா என்று நான் கவனிக்கவில்லை.

ஆக, உங்களுக்கு முடிவு இல்லை. முடிவு மூன்று அவருடைய பையில் இருக்கிறது. அதற்கு அவர் டிக் போடுவாரா, இல்லை சிவப்பில் அடித்து வேறு எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. அதை ஸ்கேன் எழுதும், குடல் எழுதும், டாக்டர் எழுதுவாள். என் கை அதில் இல்லை. நீங்கள் வேண்டுமானால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பென்சிலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நான் எழுதியது எதுவும் அவர் பார்க்காமல் வெளியே போனதில்லை. இந்தக் கதையில் மட்டும், முதல் நான்கு பக்கத்தையும் மூன்று முடிவுகளையும் தவிர எதையும் அவர் பார்க்கவில்லை. கமா அதிகமாக இருந்தால், எண் எதுவும் தப்பாக இருந்தால், பிழை என்னுடையது. வலது மூலையில் டிக்குக்கு இடம் விட்டிருக்கிறேன்.